நாமும் வரி கட்டுகிறவர்கள்தான்

“வரியா? அது துரைமாருக்கும் முதலாளிமாருக்கும் உள்ள சங்கதிங்க. பேர் போட்டுப் பொழைக்கிற நமக்கும் அதுக்கும் என்னா சம்பந்தம்?”

லயத்திலும் கடைத் திண்ணையிலும் வருமான வரியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. இன்னொரு பக்கம், 18 வயது நிரம்பிய எல்லோரும் வரி இலக்கம் எடுக்க வேண்டும் என்ற செய்தி 2024ஆம் ஆண்டு தொடக்கத்தில் பரவியபோது பலருக்கு வயிற்றில் புளி கரைத்தது. “நம்பர் எடுத்தா சம்பளத்துல வெட்டுவாங்களாமே, பேங்க் புத்தகத்துல உள்ளத எடுத்துக்குவாங்களாமே” என்று கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

முதல் பேச்சு நமக்குச் சம்பந்தமே இல்லை என்கிறது. இரண்டாவது பேச்சு உள்ளதெல்லாம் போய்விடும் என்று பயப்படுகிறது. இரண்டுமே சரியில்லை. வரி என்றால் என்ன, அதில் நாம் கட்டுவது எது, கட்டத் தேவையில்லாதது எது, கட்ட வேண்டியவர்களிடமிருந்து அரசாங்கம் எப்படி அறவிடுகிறது, அவர்கள் கட்டாமல் தப்பினால் அந்தப் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வரியில் இரண்டு வகை

வரியை நேர் வரி, மறைமுக வரி என்று இரண்டாகப் பிரிப்பார்கள். ஒருவர் உழைத்த காசைக் கணக்குப் பார்த்து அவரிடமே நேராக வாங்குவது நேர் வரி. வருமான வரி இந்த வகை. நம் நாட்டில் இது 1932இல் வந்தது. அதற்கு முன்னர் சுங்கம், உப்பு, சாராயம், தலைவரி போன்றவற்றால்தான் அரசாங்கத்தின் பெட்டி நிரம்பியது.

மறைமுக வரி என்பது சாமானின் விலைக்குள்ளே ஒளிந்திருப்பது. கடைக்காரர் நம்மிடம் வாங்கி அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். பெறுமதி சேர் வரி, அதாவது வற், இதில் பெரியது. இறக்குமதித் தீர்வை, மதுவரி, தொலைபேசிக் கட்டணத்தில் சேரும் அறவீடு எல்லாம் இந்த வகைதான். பல வருஷங்களாக நம் நாட்டில் 100 ரூபா வரி சேர்ந்தால் அதில் 70 ரூபாவிலிருந்து 80 ரூபா வரை மறைமுக வரியாகவே வந்திருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

நம் கைக்காசில் போகும் வரி

2024 ஜனவரி 1 முதல் வற் வரி 18 சதவீதம். வரி சேராமல் 100 ரூபா விலையுள்ள சவர்க்காரத்தை 118 ரூபா கொடுத்துத்தான் வாங்குகிறோம். எல்லாச் சாமானுக்கும் வற் இல்லை. அரிசி போன்ற சிலவற்றுக்கு விலக்கு இருக்கிறது. ஆனாலும் சவர்க்காரம், பற்பசை, பிஸ்கட், பிள்ளையின் சப்பாத்து, தீபாவளிக்கு எடுக்கும் துணி, கேஸ், போனுக்குப் போடும் ரீலோட் என்று கணக்குப் பார்த்தால் ஒரு வீட்டில் மாதம் 11,800 ரூபா சுலபமாகப் போய்விடும். அதில் வற் மட்டும் 1,800 ரூபா.

நம் சம்பளத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1,350 ரூபாவாக இருந்த நாட்சம்பளம் 2026 ஜனவரி முதல் 1,550 ரூபாவாகும் என்றும், அதற்குமேல் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அரசாங்கம் 200 ரூபா கொடுக்கும் என்றும் 2025 நவம்பரில் வாசித்த வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். இரண்டும் சேர்ந்து 1,750 ரூபா. மாதம் 25 பேர் போட்டால் 43,750 ரூபா. இதில் 1,800 ரூபா என்பது 100 ரூபாவுக்கு 4 ரூபாவுக்கு மேல் வருகிறது.

இந்த வரி யாருடைய முகத்தையும் பார்க்காது. கொழுந்து பறிக்கும் தாயும் கொழும்பில் பங்களா வைத்திருப்பவரும் ஒரே சவர்க்காரத்துக்கு ஒரே 18 ரூபாதான் கொடுக்கிறார்கள். அவருக்கு அது தூசு. நமக்கு அது ஒரு கட்டிச் சவர்க்காரத்தில் ஆறில் ஒரு பங்கு.

கடை வரி தவிர இன்னும் இரண்டு இடங்களில் நம் காசு வரியாகப் போகிறது. ஒன்று ஈ.பி.எப். நம் சம்பளத்தில் 8 சதவீதமும் கம்பனி போடும் 12 சதவீதமும் சேர்ந்து அந்த நிதிக்குப் போகின்றன. அந்தப் பணத்தை நிதி முதலீடு செய்து உழைக்கும் வருமானத்தில் 14 சதவீதம் வருமான வரியாகக் கட்டப்படுகிறது. மிச்சத்தில்தான் நமக்கு வருஷ வட்டி போடுகிறார்கள். ஆக, வருமான வரி என்ற பெயரிலேயே நம் முதுமைக் காசில் ஒரு பங்கு போகிறது. அது நம் சம்பளச் சீட்டில் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

மற்றது மதுபானம். சாராயப் போத்தலுக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு மதுவரி. சம்பள நாளன்று கடையில் வரிசையில் நிற்கிறவர், திறைசேரிக்கு வரி கட்டத்தான் வரிசையில் நிற்கிறார் என்று சொன்னாலும் பிழையில்லை. அந்த வரியைக் குறைக்க யாருடைய உத்தரவும் தேவையில்லை. அது நம் கையில்தான் இருக்கிறது.

வருமான வரி யாருக்கு?

இனி வருமான வரிக்கு வருவோம். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, ஒருவருடைய வருமானம் வருஷத்துக்கு 18 லட்சம் ரூபா, அதாவது மாதம் 150,000 ரூபா வரை இருந்தால் வருமான வரி கிடையாது. அதற்கு மேல் வரும் முதல் 10 லட்சத்துக்கு 6 சதவீதம். அடுத்து வரும் ஒவ்வொரு 5 லட்சத்துக்கும் 18, 24, 30 சதவீதம். அதற்கும் மேலே போனால் 36 சதவீதம்.

இங்கே பலர் தவறாக விளங்கிக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு. எல்லையைத் தாண்டினால் முழுச் சம்பளத்துக்கும் வரி விழாது. தாண்டிய பகுதிக்கு மட்டும்தான். நம் பிள்ளை ஒருத்தி படித்து முன்னேறி மாதம் 200,000 ரூபா சம்பளம் எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 150,000 ரூபாவைத் தாண்டியது 50,000. அதில் 6 சதவீதம் 3,000 ரூபா. மிச்சம் 197,000 ரூபா அவள் கைக்கு வரும். “சம்பளம் கூடினா வரியில எல்லாம் போயிரும், அதனால பதவி உயர்வு வேணாம்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கணவன், மனைவி இருவரும் வேலை செய்தால் வருமானத்தைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஆளுக்கு ஆள் தனிக் கணக்கு. ஆனால் ஒரே ஆளுக்குச் சம்பளத்தோடு கடை, வாகன வாடகை, மரக்கறித் தோட்டம் என்று வேறு வரவுகளும் இருந்தால் அவருடைய வரவு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

43,750 ரூபா எங்கே, 150,000 ரூபா எங்கே! தோட்டச் சம்பளத்தில் வாழும் ஒருவருக்கு நேரடி வருமான வரி வருவதற்கு இடமேயில்லை.

நம்பர் எடுத்தால் வரி விழுமா?

விழாது. வரி செலுத்துநர் அடையாள இலக்கம் என்பது ஓர் இலக்கம் மட்டும்தான். தேசிய அடையாள அட்டை எடுத்ததற்காக யாரும் நம்மிடம் காசு கேட்பதில்லை அல்லவா? அதுபோலத்தான். வருமானம் எல்லையைத் தாண்டினால்தான் வரி. தாண்டாவிட்டால் இலக்கம் இருந்தாலும் வரி இல்லை.

இலக்கம் எடுக்காமல் இருந்தால் நமக்குத்தான் இடைஞ்சல். நடைமுறைக் கணக்குத் திறக்க, வாகனம் பதிய, காணி உறுதி பதிய, கட்டடத் திட்டத்துக்கு அனுமதி பெற இந்த இலக்கம் வேண்டும் என்று 2024இல் கொண்டு வந்தார்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் இதை இலவசமாகவே கொடுக்கிறது. “எடுத்துத் தாறேன், இவ்வளவு குடுங்க” என்று யாராவது வந்தால் காசையும் கொடுக்க வேண்டாம், அடையாள அட்டையையும் கொடுக்க வேண்டாம். படித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் போனிலேயே விண்ணப்பிக்கலாம். சந்தேகம் இருந்தால் திணைக்களத்தின் 1944 என்ற இலக்கத்துக்குப் பேசிக் கேட்கலாம்.

வங்கியில் நிரந்தர வைப்பு உள்ளவர்கள் அடுத்த விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 ஜனவரி முதல் வங்கி வட்டியில் 5 சதவீதம் வரியாகப் பிடித்தார்கள். 2025 ஏப்ரல் முதல் அது 10 சதவீதம். ஓய்வு பெற்ற ஒரு தாய் தன் ஈ.பி.எப். காசில் 500,000 ரூபாவை வைப்பில் போட்டு 8 சதவீத வட்டி வாங்கினால், வருஷ வட்டி 40,000 ரூபா. அதில் 4,000 ரூபா பிடித்துக்கொண்டுதான் வங்கி கொடுக்கும். ஆனால் வருஷ வருமானம் 18 லட்சத்துக்குள் இருப்பவர்கள் அப்படி ஒரு பிரகடனத்தை எழுதி வங்கியில் ஒப்படைத்தால் அந்தக் காசைப் பிடிக்காமல் இருக்க வழி செய்திருக்கிறார்கள். அப்போது அடையாள அட்டையோடு வரி இலக்கத்தையும் கேட்கலாம். நம்பர் எடுத்தால் காசு போய்விடும் என்று பயந்து இருப்பவரின் காசுதான் உண்மையில் போய்க்கொண்டிருக்கிறது. வைப்பு உள்ளவர்கள் அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது, “வட்டி வரிப் பிடிப்புக்கான பிரகடனப் படிவம் தாங்க” என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

எப்படி அறவிடுகிறார்கள்?

வரி கட்ட வேண்டியவர் தானாக வந்து கட்டுவார் என்று எந்த நாட்டு அரசாங்கமும் காத்திருப்பதில்லை. அறவிட மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, கைக்கு வரும் முன்னே பிடிப்பது. நமக்கு இது புதிதல்ல. ஈ.பி.எப்., சங்கச் சந்தா, அட்வான்ஸ் எல்லாம் கழிந்த பிறகுதானே சம்பளம் கைக்கு வருகிறது? 150,000 ரூபாவுக்கு மேல் சம்பளம் எடுப்பவருடைய வரியையும் வேலை கொடுப்பவரே மாதாமாதம் வெட்டித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். இதில் தப்புவது கஷ்டம். அதனால்தான் மாதச் சம்பளக்காரர் எல்லா நாட்டிலும் ஒழுங்காக வரி கட்டுகிறவராக இருக்கிறார்.

இரண்டாவது வழி, பல இடத்துக் கணக்கை ஒன்று சேர்த்துப் பார்ப்பது. சம்பளம் இல்லாமல் தொழிலிலும் வாடகையிலும் உழைப்பவர் ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 30ஆம் திகதிக்கு முன் வருமான விபரத்தைத் தானே எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் குறைத்து எழுதினால்? வங்கியில் உள்ள பணம், ஓடும் வாகனம், வாங்கிய காணி எல்லாம் ஒரே இலக்கத்தில் பதிவாகியிருந்தால் பொய் வெளியே வந்துவிடும். கொழுந்து நிறுக்கும்போது தராசில் ஒரு நிறை, கணக்குக் கொப்பியில் ஒரு நிறை, செக்ரோலில் ஒரு நிறை என்று இருந்தால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று நாம் உடனே கேட்போம் அல்லவா? அதே வேலையைத்தான் இந்த இலக்கம் செய்கிறது. எல்லோரும் இலக்கம் எடுக்க வேண்டும் என்பதன் முக்கிய நோக்கம் பெரிய வரவுகளை ஒளிக்க முடியாமல் செய்வதுதான்.

மூன்றாவது வழி தண்டனை. கட்ட வேண்டிய வரியைக் காலம் தாழ்த்தினால் மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி ஏறும், தண்டப்பணமும் சேரும். அதற்கும் மசியாவிட்டால் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கவும், சொத்தைப் பிடிக்கவும், நாட்டை விட்டுப் போகாமல் தடுக்கவும், நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டு போகவும் சட்டத்தில் இடமுண்டு. 2024 நவம்பரில் கொழும்பில் ஒரு மதுபானக் கம்பனியின் பணிப்பாளர்களுக்கு, 350 கோடி ரூபா வற் வரியைக் கட்டாமல் விட்டதற்காக நீதிமன்றம் 6 மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது. அந்த 350 கோடி என்பது கம்பனி தன் பையிலிருந்து கொடுக்க வேண்டிய காசு என்று நினைக்க வேண்டாம். போத்தல் வாங்கிய ஒவ்வொருவரும் விலையோடு சேர்த்துக் கொடுத்த வரி அது. நம்மிடம் வாங்கி அரசாங்கத்திடம் கொடுக்காமல் வைத்துக்கொண்டது.

சட்டம் இருக்கிறது, தண்டனையும் இருக்கிறது. ஆனாலும் கோடிக்கணக்கில் வரிப் பாக்கி வருஷக்கணக்காகக் கிடக்கிறது. சின்னவரைப் பிடிப்பது சுலபம், பெரியவரைப் பிடிப்பது கஷ்டம். பெரியவரிடம் கணக்காளர் உண்டு, சட்டத்தரணி உண்டு, மேன்முறையீடு செய்து பல வருஷம் இழுக்க வசதியும் உண்டு. அறவிடும் உத்தியோகத்தர்களுக்கு ஆள்பலமும், ஒழுங்கான கணினி முறையும், மேலிடத்துத் தலையீடு இல்லாத சுதந்திரமும் இருந்தால்தான் இந்தப் பாக்கியை எடுக்க முடியும்.

மக்கள் ஏன் கட்ட மறுக்கிறார்கள்?

வரி கட்டச் சந்தோஷப்படுகிறவர் எங்கும் இல்லை. ஆனால் மனமில்லாமல் கட்டுவது வேறு, கட்டவே மாட்டேன் என்று எதிர்த்து நிற்பது வேறு. நம் நாட்டின் சரித்திரத்தில் இதற்கு உதாரணம் உண்டு. கோப்பிக் காலத்தில், 1848இல், ஆள்பதியாக இருந்த டொரிங்டன் பிரபு நாய், துப்பாக்கி, கடை, வள்ளம், வண்டி என்று பலவற்றுக்கும் வரி போட்டார். 18 வயது முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் வருஷத்தில் 6 நாள் தெரு வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்குப் பதிலாகக் காசு கட்ட வேண்டும் என்றும் சட்டம் வந்தது. தெருக்களால் பலன் பெற்றவர்கள் அதிகமாகத் தோட்டத் துரைமார்தான். வரி கட்டிய கிராமத்துச் சனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. ஜூலையில் மாத்தளையிலும் குருநாகலிலும் கலகம் வெடித்தது. புரன் அப்பு 1848 ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடக்குமுறை பற்றி இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை பேச்சு எழுந்து, 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். நம் முன்னோரில் பலர் மலையேறி வந்ததும் அந்த மாத்தளை வழியாகத்தான்.

175 வருஷத்துக்குப் பிறகும் அதே கேள்விதான் எழுந்தது. 2023 ஜனவரி முதல் வரியில்லாத எல்லை மாதம் 100,000 ரூபாவாக இறங்கியது. 200,000 ரூபா சம்பளம் எடுத்தவருக்கு மாதம் 10,500 ரூபா வரி விழுந்தது. வைத்தியர்கள், பல்கலைக்கழக விரிவுரையாளர்கள், வங்கி, துறைமுக, மின்சார ஊழியர்கள் 2023 மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்தார்கள். விலைவாசி ஏறிக் கிடக்கும் நேரத்தில் இப்படி வெட்டுவது நியாயமா, களவெடுத்தவன் சும்மா இருக்க நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. 2025 ஏப்ரலில் எல்லையை 150,000 ரூபாவாக உயர்த்தியபோது அவர்களுக்கு ஓரளவு ஆறுதல் கிடைத்தது.

வரி மேல் வெறுப்பு வருவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். கட்டிய காசு களவு போகிறது என்ற எண்ணம். பக்கத்து ஆள் கட்டாமல் தப்புகிறான் என்ற ஆத்திரம். கட்டியதால் தனக்கு என்ன கிடைத்தது என்று தெரியாமை. இந்த மூன்றையும் அரசாங்கம்தான் சரிசெய்ய வேண்டும். வெறும் தண்டனையால் இவை தீராது.

முதல் காரணத்துக்கு நம் தேத்தண்ணீரிலேயே உதாரணம் இருக்கிறது. 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்குக் கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த வரியை ஒரேயடியாக 25 சதமாகக் குறைத்தார்கள். 49 ரூபா 75 சதம் விலை குறைந்திருக்க வேண்டும். கடையில் அப்படிக் குறையவில்லை. அந்தக் காசில் பெரும்பங்கு இறக்குமதி செய்தவர்களின் பையில் நின்றது. அரசாங்கம் இழந்த வருமானம் சுமார் 1,600 கோடி ரூபா என்று கணக்குச் சொன்னார்கள். 2023 நவம்பரில் வரி மறுபடியும் 50 ரூபாவானது. குறைத்தபோது நமக்குக் கிடைக்காத பலன், கூட்டியபோது சுமையாக வந்து சேர்ந்தது.

பெரியவர் கட்டாவிட்டால் யார் கட்டுவது?

2019 கடைசியில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. டிசம்பர் 1 முதல் வற் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறக்கினார்கள். 2020 ஜனவரி முதல், சம்பளத்தில் கட்டாயமாக வெட்டும் வரியை நிறுத்தி, ஆளுக்குரிய வரிவிலக்கை வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாவிலிருந்து 30 லட்சமாக உயர்த்தினார்கள். மாதம் 250,000 ரூபா உழைத்தவருக்கும் வரியில்லை என்றானது. அப்போது கேட்க எல்லோருக்கும் இனிப்பாகத்தான் இருந்தது.

நாட்டின் மொத்த உற்பத்தியை 100 ரூபா என்று வைத்தால், 1990இல் அதில் 19 ரூபா அளவு அரசாங்கத்துக்கு வரியாகச் சேர்ந்தது. 2019இல் 11 ரூபாவுக்குச் சற்று மேல். 2022இல் 7 ரூபா 30 சதம் அளவுக்கு விழுந்துவிட்டது. பெட்டியில் காசில்லை. கடன் வாங்கினார்கள், நோட்டு அடித்தார்கள். கொரோனா, உல்லாசப் பயணிகள் வராமை, 2021இல் இரசாயன உரத்தைத் தடுத்தது என்று வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த வருஷம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி, முந்திய செப்டெம்பரோடு பார்த்தால் விலைவாசி 69.8 சதவீதமும் உணவு விலை 94.9 சதவீதமும் ஏறியிருந்தன. ரொட்டிக்கு மா வாங்க முடியாமல் நம் வீடுகளில் ஒரு வேளை அடுப்பு அணைந்தது அந்தக் காலத்தில்தான்.

பிறகு வெற்றுப் பெட்டியை எதை வைத்து நிரப்பினார்கள்? வற் 2022 ஜூன் மாதம் 12 சதவீதம், செப்டெம்பரில் 15 சதவீதம், 2024 ஜனவரியில் 18 சதவீதம். 2022 ஒக்டோபரில் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை என்று 2.5 சதவீத அறவீடு ஒன்றும் வந்தது. மேலே உள்ளவருக்குக் கொடுத்த சலுகைக்குக் கீழே உள்ளவரும் சேர்ந்து பணம் கட்டினார்.

ஆகவே, வருமான வரியை ஒழுங்காக அறவிடுவது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயமல்ல. ஒரு பெரிய வியாபாரி வருமானத்தை ஒளித்தால், அந்தக் காசு வேறொரு வழியில் சேர்ந்தாக வேண்டும். சவர்க்காரத்தின் மேலும் கேஸின் மேலும் வரி போடுவதுதான் அரசாங்கத்துக்குச் சுலபமான வழி. பத்துப் பேர் தூக்க வேண்டிய மரத்தில் நாலு பேர் கையை விட்டால் பாரம் மிச்ச ஆறு பேரின் தோளில்தான் இறங்கும்.

தோட்டத்துக்கு உரிய பங்கு

“தோட்டத்து ஆட்கள் வரி கட்டுவதில்லை” என்ற பேச்சு வெறும் பேச்சோடு நிற்கவில்லை. அதனால் நமக்குப் பெரிய நட்டம் வந்திருக்கிறது.

தேயிலை, றப்பர், தென்னை ஏற்றுமதியில் கிடைத்த தீர்வை பல பத்து வருஷங்களாக அரசாங்க வருமானத்தின் தூணாக இருந்தது. 1945இல் தொடங்கிய இலவசக் கல்விக்கும், இலவச வைத்தியசாலைகளுக்கும், பங்கீட்டு அரிசிக்கும் அந்த வருமானம் உதவியது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் நம் பாட்டிமார். ஆனால் 1948 குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் முழுமையாகப் பொறுப்பெடுக்க 1970களை எட்ட வேண்டியிருந்தது. மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகும் ஒரு கதவு மூடியே இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டங்களுக்குள் செலவு செய்யத் தடையாக நின்றது. தோட்டப் பாதையும் லயத்துத் தண்ணீரும் கம்பனியின் பொறுப்பு, இங்கிருந்து சபைக்குச் சோலை வரி வருவதில்லை என்று காரணம் சொன்னார்கள். நாம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த உறுப்பினர் நம் பாதைக்கு ஒரு லோட் கல் போட முடியாத நிலை. 2018இல் சட்டத்தைத் திருத்தித்தான் அந்தக் கதவைத் திறந்தார்கள். திறந்த கதவின் வழியே என்ன வருகிறது என்று பார்ப்பதும், வராவிட்டால் கேட்பதும் இனி நம் பொறுப்பு.

கேட்கப் போகும்போது கைகட்டிக் கெஞ்ச வேண்டியதில்லை. சவர்க்காரம் வாங்கும்போதும் ரீலோட் போடும்போதும் நாம் கொடுத்த காசு அந்தப் பெட்டியில் இருக்கிறது. வருகைக்காக அரசாங்கம் கொடுப்பதாகச் சொன்ன 200 ரூபாவும் அதே பெட்டியிலிருந்துதான் வர வேண்டும். அது யாருடைய தர்மமுமில்லை. நாட்டு மக்கள் எல்லோரும் கட்டிய வரி, நம்முடையதும் சேர்த்து.

நாம் செய்யக்கூடியவை

சாமான் வாங்கினால் பில் கேளுங்கள். பில் இல்லாத வியாபாரத்தில் நாம் கொடுத்த வரி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

பில்லில் வற் என்று தனியாகக் காசு போட்டிருந்தால் அந்தக் கடையின் வற் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். 2024 ஜனவரி முதல் வருஷத்துக்கு 6 கோடி ரூபாவுக்கு மேல் வியாபாரம் செய்பவர் கட்டாயம் பதிய வேண்டும் என்று இருந்தது. 2026 ஏப்ரல் முதல் அது 3 கோடி 60 லட்சமாகக் குறையும் என்று 2025 நவம்பரில் அறிவித்தார்கள். பதியாத சின்னக் கடை நம்மிடம் வற் என்று சொல்லிக் காசு வாங்க முடியாது.

வட்டியில் வரி பிடிக்கிறார்களா என்று வங்கிப் புத்தகத்தைப் பாருங்கள். பிடித்தால் பிரகடனப் படிவத்தைக் கேளுங்கள்.

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தால் பயந்து அடுப்பில் போட வேண்டாம். படித்தவர் ஒருவரைக் கொண்டு வாசித்து, பதில் அனுப்புங்கள். வருமானம் எல்லைக்குள் என்றால் அதை எழுதிச் சொன்னால் போதும்.

வெளியூரில் நல்ல சம்பளம் எடுக்கும் பிள்ளைகள், கடையும் வாகனமும் வைத்து முன்னுக்கு வந்த நம் ஆட்கள், வரி எல்லையைத் தாண்டினால் உரியதைக் கட்டட்டும். லயத்து அறையிலிருந்து அந்த எல்லை வரை ஏறியது பெருமைக்குரிய விஷயம். மேலே போனவர் கட்டாமல் விட்டால் கீழே இருக்கும் தன் தாயின் சீனியில்தான் அது ஏறும் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிரதேச சபைக் கூட்டத்திலும், தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வருபவரிடமும், “எங்க வரிக் காசுல எங்க தோட்டத்துக்கு இந்த வருஷம் என்னா செஞ்சீங்க?” என்று கேட்போம். வரி கட்டுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது. நாமும் வரி கட்டுகிறவர்கள்தான்.